அஞ்சல் சதுரங்கத்தில் கறுப்புக்கு எந்த ‘கிளாசிகல்’? பிரெஞ்சு, காரோ-கான், சிசிலியன்: ஓர் ஒப்பீடு

நகர்த்தல்களைக் கடிதத்திலோ இணைய சர்வரிலோ அனுப்பி ஆடும் அஞ்சல் சதுரங்கப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தால் பாதி ஆட்டங்களில் கறுப்புக் காய்தான் வரும். வெள்ளையில் எதை ஆடுவது என்று யோசிக்கும் அளவுக்கு, கறுப்பில் 1.ஈ4-க்கு என்ன பதில் சொல்வது என்று பலர் யோசிப்பதில்லை. நேரடிப் போட்டியில் ஆடிப் பழகியதையே இங்கேயும் ஆடிவிடுகிறார்கள். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கடிகாரம் ஓட ஓட ஆடும்போது எதிராளி தடுமாறுவார், மறப்பார், பயப்படுவார். அஞ்சல் ஆட்டத்தில் அவருக்கு ஒரு நகர்த்தலுக்கு ஐந்து நாள் இருக்கிறது. பொறி வைத்துப் பிடிக்கிற ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல் வரிசை) எதுவும் அங்கே செல்லாது. எது நாட்கணக்கில் உட்கார்ந்து பார்த்தாலும் தீராத கேள்விகளை அவர் முன் வைக்கிறதோ அதுதான் வெற்றி தரும்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்து ஆடுகிறவர்களுக்காக, ‘கிளாசிகல்’ என்று பெயர் தாங்கிய கறுப்புத் தடுப்பாட்டங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். முதலிலேயே ஒரு எச்சரிக்கை: கிளாசிகல் என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. பிரெஞ்சில் அது 3...குதிரை எஃப்6. காரோ-கானில் 4...பிஷப் எஃப்5. சிசிலியனில் இரண்டு குதிரைகளையும் எஃப்6, சி6 கட்டங்களுக்குக் கொண்டுவருவது. ரூய் லோபஸில் 3...பிஷப் சி5. நிம்சோ-இந்தியனில் அந்தப் பெயர் வெள்ளையின் 4.ராணி சி2-க்குப் போய்விட்டது. பெயர் ஒன்றுதான், குணம் ஐந்து விதம்.

(காயின் பெயரும் கட்டமும் சேர்ந்து வந்தால் அந்தக் காய் அங்கே போகிறது. கட்டம் மட்டும் வந்தால் சிப்பாய். × என்றால் வெட்டு, + என்றால் செக். எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வந்தால் வெள்ளையின் நகர்த்தல், மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் நகர்த்தல். ‘குதிரை எஃப்டி7’ என்றால் எஃப்-வரிசையில் நிற்கும் குதிரை டி7-க்குப் போகிறது.)

முதலில் எந்தக் களம் என்று முடிவு செய்யுங்கள்

ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுக்கும் முன் களத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஐசிசிஎஃப் எனப்படும் சர்வதேச அஞ்சல் சதுரங்கக் கூட்டமைப்பு 1951-இல் உருவானது. 2004 முதல் அதற்குச் சொந்த சர்வர் இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஆடுகிறவர்கள் அகில இந்திய அஞ்சல் சதுரங்கக் கூட்டமைப்பு வழியாகச் சேரலாம். அங்கே எஞ்சின், அதாவது நகர்த்தல்களைக் கணக்கிடும் சதுரங்க மென்பொருள், பயன்படுத்தத் தடை இல்லை. எதிராளியின் பக்கத்திலும் ஸ்டாக்ஃபிஷ் ஓடிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். அதனால் மேல்மட்டப் போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. கறுப்பில் வெற்றி அபூர்வம்.

இணையதளங்களான லிச்செஸ்ஸின் அஞ்சல் ஆட்டங்களிலும் செஸ்.காமின் டெய்லி ஆட்டங்களிலும் எஞ்சினுக்குத் தடை. ஓப்பனிங் புத்தகமும் பழைய ஆட்டத் தொகுப்புகளும் பார்க்கலாம். புத்தகம் முடியும் இடத்தில் ஆளின் சொந்த மூளை தொடங்குகிறது. அந்த இடம் எந்த மாதிரியான நிலையாக இருக்க வேண்டும் என்பதை ஓப்பனிங் தேர்வின் மூலம் நீங்கள் தீர்மானிக்கலாம்.

மூன்றாவது வழி கையெழுத்து அஞ்சலட்டை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர்தான். பேருந்தில் ஏறிப் போய் நேரிலேயே ஆடிவிடலாம் என்பது வேறு விஷயம். அட்டை போய்ச் சேர இரண்டு மூன்று நாள் என்று கணக்கிட்டால் 40 நகர்த்தல் ஆட்டத்துக்கு 80 அட்டை, 160 முதல் 240 நாள், யோசிக்கும் நேரம் தனி. நிபந்தனை நகர்த்தல்களை, அதாவது ‘நீங்கள் இது ஆடினால் நான் இது’ என்பதை, அட்டையிலேயே சேர்த்து எழுதினால் முதல் பத்து நகர்த்தல் ஐந்தாறு அட்டையில் முடிந்துவிடும். நகர்த்தல்கள் ஏறக்குறைய கட்டாயமாக வரும் காரோ-கான் கிளாசிகலுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு கட்டத்திலும் வெள்ளைக்கு மூன்று கிளை இருக்கும் பிரெஞ்சுக்குப் பொருந்தாது.

காரோ-கான் கிளாசிகல்: தோற்காமல் இருக்க

1.ஈ4 சி6 2.டி4 டி5 3.குதிரை சி3 டி×ஈ4 4.குதிரை×ஈ4 பிஷப் எஃப்5 5.குதிரை ஜி3 பிஷப் ஜி6 6.எச்4 எச்6 7.குதிரை எஃப்3 குதிரை டி7 8.எச்5 பிஷப் எச்7 9.பிஷப் டி3 பிஷப்×டி3 10.ராணி×டி3 ஈ6.

6...எச்6 ஏன் என்று தெரியாமல் ஆடக் கூடாது. அடுத்து எச்5 வந்தால் ஜி6-இல் நிற்கும் பிஷப்புக்குப் போக இடமில்லை. எச்5-ஐ வெட்டினால் ஜி3 குதிரை திருப்பி வெட்டும். 7...குதிரை டி7 வெள்ளைக் குதிரை ஈ5-க்கு ஏறுவதைத் தடுக்கிறது. மாறாக 7...குதிரை எஃப்6 ஆடினால் 8.குதிரை ஈ5 பிஷப் எச்7 என்று வேறொரு பாதைக்குப் போகும். அது இன்று நிறைய ஆடப்படுகிறது, மோசமில்லை.

பத்தாவது நகர்த்தலுக்குப் பின் வெள்ளை 11.பிஷப் எஃப்4 அல்லது 11.பிஷப் டி2. முதலாவதற்கு 11...ராணி ஏ5+ 12.பிஷப் டி2 பிஷப் பி4 என்று கேட்டு, 13.சி3 வரவழைத்துப் பிஷப்பை ஈ7-க்குத் திருப்புவது நல்ல உத்தி. சி3-இல் சிப்பாய் நின்றால், ராணி பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்த வெள்ளை ராஜாவின் அரண் கொஞ்சம் தளர்ந்துவிடும்.

எஞ்சின் இந்த நிலைகளை வெள்ளைக்குக் கால் சிப்பாய் அளவே சாதகமாகக் காட்டும். அதுதான் பலம், அதுவே பலவீனம். வெள்ளை நீளக் காஸ்லிங் (ராணி பக்கம்), கறுப்பு குட்டைக் காஸ்லிங் (ராஜா பக்கம்) என்று போனால் எச்6 சிப்பாயைக் கொக்கியாக வைத்து வெள்ளை ஜி4, ஜி5 தள்ளும். அங்கே மட்டும்தான் ஆட்டத்தில் உயிர் வரும். வெள்ளையும் குட்டைக் காஸ்லிங் செய்துவிட்டால் ...சி5 தள்ளி, டி-வரிசையில் யானைகளை மாற்றி, முப்பதாவது நகர்த்தலில் டிரா. ஒரு குழுவில் முன்னிலையில் இருந்துகொண்டு அரைப் புள்ளி மட்டும் தேவை என்றால் இதைவிட நல்ல தேர்வு இல்லை. ஜெயித்தாக வேண்டுமென்றால் இதை எடுக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல்: கிளாசிகல் வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டாலும் வெள்ளை 3.ஈ5 ஆடிவிட்டால் அது கிடைக்காது. அட்வான்ஸ் வழிதான் இப்போது அதிகம் வருகிறது. ஆகவே 3...பிஷப் எஃப்5-க்குப் பின் வரும் நிலைகளையும் இதே அளவுக்குப் படித்திருக்க வேண்டும்.

சிசிலியன் கிளாசிகல்: நேரம் நிறைய இருப்பவர்களுக்கு

1.ஈ4 சி5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4 சி×டி4 4.குதிரை×டி4 குதிரை எஃப்6 5.குதிரை சி3 குதிரை சி6. இங்கே வெள்ளையின் கடும் பதில் 6.பிஷப் ஜி5, அதாவது ரிக்டர்-ரவுசர். 6...ஈ6 7.ராணி டி2 ஏ6, பிறகு வெள்ளை நீளக் காஸ்லிங், 8...பிஷப் டி7 9.எஃப்4 பி5 10.பிஷப்×எஃப்6 ஜி×எஃப்6.

ராணியால் வெட்டினால் 11.ஈ5 வந்து மையம் பிளக்கும். ஆகவே சிப்பாயால்தான் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு கறுப்பிடம் இரண்டு பிஷப், மையத்தில் கெட்டியான சிப்பாய்க் கூட்டம். ராஜாவுக்கு மட்டும் வீடு இல்லை. வெள்ளை எஃப்5 தள்ளி ஈ6-ஐ அழுத்தும். நேரடிப் போட்டியில் இதை வெள்ளையில் ஆடுகிறவருக்கும் பயம் இருக்கும்; அதில்தான் கறுப்புக்கு வாய்ப்பு. எஞ்சின் வைத்திருப்பவருக்குப் பயம் இல்லை. அவர் வாரக்கணக்கில் எஃப்5-ஐ ஒத்திப்போட்டு, சரியான நேரம் பார்த்துத் தள்ளுவார். ஐசிசிஎஃப் களத்துக்கு இது வேண்டாம் என்பது எங்கள் முடிவு. 7...பிஷப் ஈ7 என்று முதலில் காஸ்லிங் செய்துகொள்ளும் வழி பத்திரமானது; ஆனால் அந்தப் பத்திரத்துக்காக சிசிலியன் வரை போக வேண்டுமா என்ன?

எஞ்சின் இல்லாத களத்தில் நிலைமை வேறு. 6.பிஷப் சி4-க்கு 6...ராணி பி6 என்று டி4 குதிரையை உடனே கேட்பது, பல வெள்ளை ஆட்டக்காரர்கள் புத்தகத்தில் கவனமாகப் படிக்காத இடம். ஆனாலும் 2.சி3, 3.பிஷப் பி5+ போன்ற விலகல்கள் அடிக்கடி வரும். ஐந்து கறுப்பு ஆட்டத்தில் இரண்டில்தான் உங்கள் கிளாசிகல் பலகைக்கு வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூய் லோபஸ் கிளாசிகலும், இரு குதிரைத் தடுப்பும்

1.ஈ4 ஈ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் பி5 என்ற ரூய் லோபஸில் 3...பிஷப் சி5 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4.சி3 வந்ததும் டி4 வரப்போகிறது என்பது தெரிந்த கதை. 4...குதிரை எஃப்6 5.டி4 பிஷப் பி6 என்று ஆடினால் கறுப்பு உயிரோடு இருக்கும், மையத்தில் வெள்ளைக்கு இடம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அஞ்சல் ஆட்டத்தில் கறுப்பு ஜெயிக்க இது உதவாது.

அதே குடும்பத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியது இரு குதிரைத் தடுப்புதான். அஞ்சல் சதுரங்க வரலாற்றில் கறுப்பு ஜெயித்த ஆட்டங்களில் மிகவும் பேசப்படுவது அதில் வந்தது: ஐந்தாவது உலக அஞ்சல் சாம்பியன்ஷிப், 1965–68, எஸ்த்ரின் எதிர் பெர்லைனர். யாகோவ் எஸ்த்ரின் அந்த ஓப்பனிங்கிலேயே வல்லவர். பிற்பாடு அவரும் உலக அஞ்சல் சாம்பியன் ஆனார். அமெரிக்கரான ஹான்ஸ் பெர்லைனர் 16 ஆட்டத்தில் 14 புள்ளி எடுத்து அந்தப் பட்டத்தை வென்றார்.

1.ஈ4 ஈ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 குதிரை எஃப்6 4.குதிரை ஜி5 டி5 5.ஈ×டி5 பி5 6.பிஷப் எஃப்1 குதிரை டி4 7.சி3 குதிரை×டி5 8.குதிரை ஈ4 ராணி எச்4 9.குதிரை ஜி3 பிஷப் ஜி4 10.எஃப்3 ஈ4. கடைசி நகர்த்தலைக் கவனியுங்கள். டி4 குதிரையும் ஜி4 பிஷப்பும் இரண்டுமே அடிபடும் நிலையில் இருக்க, பெர்லைனர் நடுச் சிப்பாயைத் தள்ளுகிறார். 11.சி×டி4 பிஷப் டி6 12.பிஷப்×பி5+ ராஜா டி8. ராஜா மையத்தில், காஸ்லிங் உரிமை போய்விட்டது. ஆனால் வெள்ளையின் ராணி பக்கக் காய்கள் இன்னும் பிறந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

பெரும்பாலானவர்கள் இந்த ஆட்டத்தைத் தியாகத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அஞ்சல் ஆட்டக்காரர் பார்க்க வேண்டியது முடிவாட்டத்தை. 28-ஆவது நகர்த்தலில் ராணிகள் மாறி, ஆளுக்கு ஒரு யானை. கறுப்பிடம் நான்கு சிப்பாய், வெள்ளையிடம் மூன்று. யானை முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது பல நேரம் டிரா. அங்கே பெர்லைனர் எஃப்7 சிப்பாயைக் காப்பாற்றப் போகவில்லை. 31...யானை சி8 என்று அதை விட்டுக்கொடுத்தார். 32.யானை×எஃப்7 யானை சி7 33.யானை எஃப்2 ராஜா ஈ5 என்று ராஜாவை நடத்திக்கொண்டுபோய், 35-ஆவது நகர்த்தலில் டி3 சிப்பாயைத் தின்றார். 42-ஆவது நகர்த்தலில் வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது. சிப்பாய் எண்ணிக்கையைக் கணக்கில் வைத்து ஆடியிருந்தால் இந்த ஆட்டம் டிராவில்தான் முடிந்திருக்கும்.

சரி, இதை நீங்கள் இன்று ஆடலாமா? எஞ்சின் களத்தில் வேண்டாம். வெள்ளை 8.சி×டி4 ராணி×ஜி5 9.பிஷப்×பி5+ ராஜா டி8 என்று நேரான வழியை எடுக்கலாம். கறுப்பின் தாக்குதல் போதுமா என்பதை எஞ்சின் கறாராகக் கணக்கு பார்க்கும், அந்தக் கணக்கு பெரும்பாலும் கறுப்புக்குச் சாதகமாக வராது. பத்திரமான வழி 5...குதிரை ஏ5. 5...குதிரை×டி5 ஆடி 6.குதிரை×எஃப்7 வரவழைத்துக்கொள்வது எந்தக் களத்திலும் வேண்டாத வேலை. போதாததற்கு, வெள்ளை 4.டி3 என்று அமைதியாக ஆடிவிட்டால் நீங்கள் தயாரித்த எதுவுமே பலகைக்கு வராது.

பிரெஞ்சு கிளாசிகல்: எங்கள் தேர்வு

1.ஈ4 ஈ6 2.டி4 டி5 3.குதிரை சி3 குதிரை எஃப்6.

புதுச்சேரிக்காரர்கள் பெயரைப் பார்த்து உரிமை கொண்டாட வேண்டாம். இந்தப் பெயர் பாரிஸிலிருந்து வந்தது, அதுவும் அஞ்சல் ஆட்டத்தின் வழியாக. 1834–36-இல் லண்டனும் பாரிஸும் கடிதம் மூலம் இரண்டு ஆட்டம் ஆடின. பாரிஸ் இரண்டையும் ஜெயித்தது. கறுப்பில் ஆடியதில் 1...ஈ6 பதில் சொன்னார்கள். அன்றிலிருந்து பிரெஞ்சு டிஃபென்ஸ். இந்தத் தடுப்பாட்டம் பெயர் வாங்கியதே கறுப்பு ஜெயித்த ஓர் அஞ்சல் ஆட்டத்தில்தான்.

எஞ்சின் இதை வெள்ளைக்குச் சுமார் அரைச் சிப்பாய் சாதகமாகக் காட்டும், அதாவது காரோ-கானைவிட மோசமாக. பிறகு ஏன் இது? மையம் மூடிக்கிடக்கிறது என்பதால். மூடிய மையத்தில் ஒரு நகர்த்தலின் பலன் பதினைந்து இருபது நகர்த்தல் தள்ளித்தான் வெளியே தெரியும். எதிராளி எஞ்சின் காட்டும் முதல் வரியை அப்படியே அனுப்புகிறவர் என்றால், இந்த மாதிரி நிலையில்தான் அவர் மெல்ல மெல்ல வழி தவறுவார். திறந்த நிலையில் அவர் தவறமாட்டார்.

முக்கியக் கிளை ஸ்டைனிட்ஸ்: 4.ஈ5 குதிரை எஃப்டி7 5.எஃப்4 சி5 6.குதிரை எஃப்3 குதிரை சி6 7.பிஷப் ஈ3. இங்கேதான் கறுப்பின் உண்மையான முடிவு.

7...சி×டி4 8.குதிரை×டி4 பிஷப் சி5 9.ராணி டி2 என்று போகலாம். அதற்குப் பின் 9...பிஷப்×டி4 10.பிஷப்×டி4 குதிரை×டி4 11.ராணி×டி4 ராணி பி6 என்று ராணியை மாற்றிக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம். அந்த முடிவாட்டத்தில் தோற்பது கஷ்டம்தான், ஆனால் ஜெயிப்பது அதைவிடக் கஷ்டம்; ஐம்பது நகர்த்தல் வரை சுவரோரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். 9...காஸ்லிங், 10.நீளக் காஸ்லிங் ஏ6, அடுத்து ...குதிரை×டி4, ...பி5 என்று போனால் இருபக்கமும் தாக்குதல் நடக்கும்.

நாங்கள் பரிந்துரைப்பது 7...ஏ6 8.ராணி டி2 பி5. டி4-இன் மேல் உள்ள அழுத்தத்தை அவிழ்க்காமல், ராணி பக்கம் இடம் பிடிக்கிறோம். ராஜா எந்தப் பக்கம் போகும் என்பதையும் இன்னும் சொல்லவில்லை. வெள்ளை நீளக் காஸ்லிங் செய்தால் பி-சிப்பாய் அவர் ராஜாவை நோக்கி ஓடும். செய்யாவிட்டால் வெள்ளை ராஜா பக்கத் தாக்குதலில் பாதி வேகம் குறைந்துவிடும்.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. சீக்கிரமே ...சி4 தள்ளிவிடுவது முதலாவது. டி4-இன் மேல் இருந்த அழுத்தம் முழுக்கப் போய், வெள்ளை நிம்மதியாக எஃப்5-க்குத் தயாராகும். சி5 சிப்பாய் அங்கேயே நின்று பயமுறுத்துவதுதான் அதன் வேலை. இரண்டாவது, ...எஃப்6 தள்ளும் நேரம். சி8 பிஷப்பும் ஏ8 யானையும் வெளியே வராமல் ...எஃப்6 தள்ளினால் ஈ×எஃப்6-க்குப் பின் ஈ6 சிப்பாய் தனியாகத் தொங்கும். இரண்டு யானைகளும் எஃப், சி வரிசைகளைப் பார்க்க ஆரம்பித்த பின்தான் அது. மூன்றாவது, சி8 பிஷப்பைப் பற்றிய அவசரம். அதை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும் என்று ...பி6, ...பிஷப் ஏ6 ஆடத் துடிக்கிறார்கள். பி5 தள்ளிய அமைப்பில் அது பி7-இல் பொறுமையாக இருக்கட்டும். டி5 ஒரு நாள் திறக்கும்.

4.பிஷப் ஜி5 வந்தால் மூன்று பாதை. 4...பிஷப் ஈ7 5.ஈ5 குதிரை எஃப்டி7-க்கு 6.எச்4 என்று வெள்ளை சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கும், அலேகைன்-சட்டார்ட் தாக்குதல். 6...பிஷப்×ஜி5 7.எச்×ஜி5 ராணி×ஜி5 என்று வாங்கிக்கொண்டால் எச்-வரிசை வெள்ளைக்குத் திறந்துவிடும், உங்கள் ராணி ஓடிக்கொண்டே இருக்கும். அஞ்சல் ஆட்டத்தில் வாங்காதீர்கள். 6...சி5 ஆடுங்கள், 7.பிஷப்×ஈ7-க்கு ராஜாவால் வெட்டுங்கள். ராணியால் வெட்டினால் 8.குதிரை பி5 வந்து சி7, டி6 இரண்டையும் பார்க்கும். ஈ7-இல் ராஜா நிற்பது பார்க்க விகாரம்தான், ஆனால் மையம் மூடியிருக்கும்வரை அதற்கு ஆபத்து இல்லை. இரண்டாவது பாதை 4...பிஷப் பி4, மெக்கட்சன்: 5.ஈ5 எச்6 6.பிஷப் டி2 பிஷப்×சி3 7.பி×சி3 குதிரை ஈ4 8.ராணி ஜி4. ஜெயிக்கப் பார்க்கிறவருக்கு இதுவே சரி. இங்கே 8...ஜி6, 8...ராஜா எஃப்8 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இருபத்தைந்தாவது நகர்த்தல் வரை வீட்டில் தயாரித்து வையுங்கள். மூன்றாவது 4...டி×ஈ4, அமைதியான பர்ன் வழி.

3.ஈ5 அட்வான்ஸுக்கு ஒரே ஒரு பொறியை மட்டும் மறக்காதீர்கள்: 3...சி5 4.சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 ராணி பி6 6.பிஷப் டி3 சி×டி4 7.சி×டி4. இங்கே டி4 சிப்பாயை எடுத்தால், 7...குதிரை×டி4 8.குதிரை×டி4 ராணி×டி4 9.பிஷப் பி5+ என்று ராணி போய்விடும். முதலில் 7...பிஷப் டி7, அதற்குப் பின் டி4 நிஜமாகவே அடிபடுகிறது.

கடிகாரம், மழை, எண்

ஐசிசிஎஃப்பின் வழக்கமான முறையில் 10 நகர்த்தலுக்கு 50 நாள். ஒரே நகர்த்தலுக்கு 20 நாளுக்கு மேல் எடுத்தால் 20-ஐத் தாண்டிய நாட்கள் இரட்டிப்பாகக் கணக்காகும். ஆகவே நேரத்தை எங்கே செலவிடுவது என்பதும் ஓப்பனிங் தேர்வின் ஒரு பகுதி. காரோ-கானில் பத்தாவது நகர்த்தல் வரை பத்து நாள் போதும். பிரெஞ்சில் ஏழாவது நகர்த்தலிலேயே பத்து நாள் வேண்டும், பிறகு ...எஃப்6 நெருங்கும்போது இன்னொரு பதினைந்து. ஐந்து பிரெஞ்சு ஆட்டம் ஒரே வாரத்தில் இந்தக் கட்டத்துக்கு வந்தால் ஒன்றையும் சரியாகப் பார்க்க முடியாது. முதல் போட்டியில் மூன்றில் பிரெஞ்சு, இரண்டில் காரோ-கான் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

நம் கடற்கரையில் நவம்பர், டிசம்பரை மறந்து நாட்கணக்கு போட முடியாது. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கடலூர்-புதுச்சேரி நடுவே கரையேறியபோது கிராமப்புறங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. சர்வருக்கு உங்கள் ஊர்ப் புயல் தெரியாது, கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வானிலை மையம் சொன்ன அன்றே விடுப்பைப் பதிவு செய்துவிடுங்கள், இணையம் போன பிறகு பதிவு செய்ய முடியாது. ஆராய்ச்சிக் கோப்புகளையும் பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தொடங்கும் போட்டி என்றால் காரோ-கான் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம்.

எஞ்சின் களத்துக்குக் கணினி எப்படி? ஒரே வரியை இரவு முழுக்க ஓடவிடுவதைவிட, மூன்று வரி காட்டச் சொல்லி ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நகர்த்தல் முன்னே போய், மதிப்பெண் மாறினால் திரும்பி வந்து பார்ப்பது பிரெஞ்சு நிலைகளில் பலமடங்கு பயன் தரும். சில காய்களே மிஞ்சிய நிலைகளின் சரியான முடிவைச் சொல்லும் முடிவாட்ட அட்டவணைகளில் ஐந்து காய் வரையிலானது ஒரு ஜிபிக்குள் அடங்கும். ஆறு காய் சுமார் 150 ஜிபி. ஏழு காய் 16 டெராபைட்டுக்கு மேல், வீட்டில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. ஆறு காய் போதும்.

அஞ்சலட்டையிலோ எண் குறியீட்டிலோ அனுப்புகிறவர்கள் பிரெஞ்சில் முதல் நகர்த்தலிலேயே கவனமாக இருக்க வேண்டும். ஏ முதல் எச் வரையிலான நெடுவரிசைகளுக்கு 1 முதல் 8, குறுக்கு வரிசைகளுக்கும் 1 முதல் 8. 5254 என்றால் ஈ2-இலிருந்து ஈ4. உங்கள் பதில் 5756. ஓர் எண் தவறி 5755 என்று எழுதினால் அது ஈ5. சட்டப்படி செல்லும் நகர்த்தல்தான், அனுப்பியது அனுப்பியதுதான். பிரெஞ்சுக்குத் தயாரித்துவிட்டு ரூய் லோபஸில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாவது நகர்த்தலில் 7866 என்றால் கிளாசிகல், 6824 என்றால் வினாவர், அதாவது 3...பிஷப் பி4 என்ற வேறொரு பிரெஞ்சுக் கிளை. அனுப்பும் முன் ஆராய்ச்சிப் பலகையை மூடிவிட்டு, ஆட்டப் பதிவிலிருந்து காய்களைப் புதிதாக அடுக்கி, அந்தப் பலகையில் நகர்த்திப் பார்த்து எழுதுங்கள். ஆராய்ச்சியில் நான்கு நகர்த்தல் முன்னே போயிருந்த பலகையைப் பார்த்து எழுதுவதுதான் அஞ்சல் ஆட்டத்தின் பெரும்பாலான அபத்தத் தோல்விகளுக்குக் காரணம்.

பிரெஞ்சுக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய ஆட்சேபம் ஒன்று பாக்கி. வெள்ளை 3.ஈ×டி5 ஈ×டி5 என்று மாற்றிவிட்டால்? சிப்பாய் அமைப்பு இருபக்கமும் கண்ணாடி பார்த்தது போல் ஆகிவிடும், டிரா கேட்காமலே வந்துவிடும் என்பார்கள். அரைப் புள்ளி வேண்டாமென்றால் கறுப்பு சமச்சீரை உடைக்க வேண்டும். குதிரையை எஃப்6-க்குப் பதில் ஈ7-க்குக் கொண்டுபோய் நீளக் காஸ்லிங் செய்வது ஒரு வழி. இன்னொன்று தனிச் சிப்பாயை ஏற்றுக்கொண்டு காய்களுக்கு இடம் வாங்குவது. 1834-இல் பாரிஸ் குழுவுக்கு லண்டன் கொடுத்ததும் இதே மாற்றம்தான்: 4.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 5.பிஷப் டி3, பாரிஸின் பதில் 5...சி5.